காற்று யாருக்காக வீசுகிறது? பசுமைத் திட்டங்களில் நிறுவனத்தின் மனப்பாங்கும் அரசாங்க உறவும்

மன்னார் தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. 'தம்பபவனி' என்று பெயரிடப்பட்ட இந்த நிலையத்தை இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனில் அமைத்தது. 2020 டிசெம்பரில் இது திறந்துவைக்கப்பட்டது. கொள்ளளவு 103.5 மெகாவொட். இங்கே நிலக்கரியோ எண்ணெயோ எரிவதில்லை, புகையும் இல்லை. ஆனாலும் 2025 இல் மன்னார் மக்கள் இன்னும் கோபுரங்கள் வேண்டாம் என்று வாரக்கணக்கில் வீதியில் இருந்தார்கள்.

இதை அபிவிருத்திக்கு எதிரான பிடிவாதம் என்று சொல்லிக் கடந்துபோவோர் உண்டு. மின்வெட்டில் இருளில் கிடந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் குப்பி விளக்கில் படித்த தலைமுறை இங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட மக்கள் மின்சாரத்தை வெறுக்கக் காரணமில்லை. அவர்கள் கேட்பது வேறு: இந்தத் திட்டத்தை யார் தீர்மானித்தார்கள், எந்த மனப்பாங்கோடு, யாருடைய நட்பின் பலத்தில்?

நிர்வாகவியல் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதையே கேட்கிறார்கள். ஒரு நிறுவனம் சுற்றாடல் மீது கொண்டிருக்கும் மனப்பாங்கும், அரசாங்கத்தோடு அதற்குள்ள உறவும் பசுமைப் புத்தாக்கத்தை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா என்பது அவர்களது கேள்வி. அதற்கான பதில் நமது நிலத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம்.

உறவில் இரண்டு வகை

மன்னாரில் நிற்கும் 30 கோபுரங்களையும் தயாரித்தது டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம். 1898 இல் ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையாகத் தொடங்கி, பின்னர் விவசாய உபகரணங்கள் செய்த நிறுவனம் அது. 1973 எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கிய பிறகு, 1979 இல் அது காற்றாலைகளை விற்கத் தொடங்கியது.

அதற்குக் கைகொடுத்தது அரசாங்கம்தான். 1978 இல் ரிசோ என்ற இடத்தில் காற்றாலைகளைப் பரிசோதிக்கும் அரச நிலையம் அமைந்தது. அங்கே தேர்ச்சி பெற்ற காற்றாலையை வாங்குபவருக்கு விலையில் 30 சதவீதத்தை அரசு மானியமாகக் கொடுக்கும் திட்டம் 1979 இல் வந்தது. வாங்குபவர் விவசாயியா, கூட்டுறவுச் சங்கமா, செய்தவர் பெரிய கம்பனியா, சிறிய பட்டறையா என்று அரசு பார்க்கவில்லை. காற்றாலை தேர்ச்சி பெற்றதா என்று மட்டுமே பார்த்தது. மானியம் வேண்டுமானால் நல்ல பொருள் செய்தாக வேண்டும். பட்டறைகள் போட்டி போட்டன, தொழில்நுட்பம் வளர்ந்தது.

இதுவும் அரசாங்க உறவுதான். ஆனால் இது எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதியின் வழியாக வரும் உறவு. இன்னொரு வகையும் உண்டு. இன்ன கம்பனியின் தலைவர் இன்ன அமைச்சருக்கு வேண்டியவர், இன்ன நாட்டின் தலைவருக்கு நெருக்கமானவர் என்ற உறவு அது. முதலாவது உறவில் அரசின் கண் பொருளின் மீது இருக்கும். இரண்டாவதில் ஆளின் மீது இருக்கும்.

இரண்டாவது வகை இலங்கைக்கு மட்டும் உரிய நோயல்ல. 47 நாடுகளின் நிறுவனங்களை ஆராய்ந்து மாரா ஃபாச்சியோ என்ற பொருளியலாளர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, அரசியல் தொடர்புள்ள நிறுவனங்கள் பல நாடுகளில் பரவலாக இருப்பதைக் காட்டியது. கம்பனியின் தலைமையில் இருப்பவர் அரசியலுக்குள் நுழைந்தால் அதன் பங்கு விலை ஏறுகிறது என்பதும் அதில் தெரிந்தது. உறவுக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்பதே இதன் பொருள்.

பசுமைப் புத்தாக்கத்துக்கு இந்த உறவு உதவுகிறதா என்று பெரும்பாலும் சீன நிறுவனங்களை வைத்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. முடிவுகள் ஒன்றுபோல இல்லை. உறவு இருந்தால் கடன், காணி, அனுமதி எளிதாகக் கிடைக்கின்றன, புதிய முயற்சிக்குத் துணிவு வருகிறது என்கின்றன சில. உறவே இலாபம் தரும்போது எதற்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற சோம்பல் வருகிறது என்கின்றன வேறு சில. நம்மைச் சுற்றிப் பார்த்தால் இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது.

மனப்பாங்கு எப்போது வெளியே தெரிகிறது?

எந்தக் கம்பனியின் இணையத்தளத்தைத் திறந்தாலும் பச்சை இலை ஒன்றைக் காணலாம். மனப்பாங்கு அங்கே தெரிவதில்லை. கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பதில் தெரியும்.

சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இயங்கிய நொதேர்ன் பவர் என்ற தனியார் அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அதில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நாட்டின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் முக்கியமான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்த மின் நிலையம் அரசுக்குத் தெரியாமல் இயங்கியதல்ல. அதன் மின்சாரத்தை வாங்கியது அரசின் மின்சார சபை. கொள்வனவு செய்யும் அரசு கண்ணை மூடிக்கொண்டால், கம்பனிக்குக் கழிவைச் சுத்திகரிக்கும் தேவை எழுவதில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இலங்கையிலேயே இருக்கிறது. 2008 இல் எம்.ஏ.எஸ். நிறுவனம் துல்கிரியவில் 'துருலிய' என்ற ஆடைத் தொழிற்சாலையைத் திறந்தது. அதே காலத்தில் பிராண்டிக்ஸ் நிறுவனம் சீதுவையில் இருந்த தன் பழைய தொழிற்சாலையைப் பசுமைக் கட்டடமாக மாற்றியது. இரண்டும் பசுமைக் கட்டடங்களுக்கான அமெரிக்கத் தரச்சான்றின் அதியுயர் படியான பிளாட்டினம் தரத்தைப் பெற்றன. ஆடைத் தொழிற்சாலைகளில் உலகிலேயே முதலில் அந்தத் தரத்தைத் தொட்டவை இவையே.

இந்த அக்கறை வானத்திலிருந்து விழவில்லை. இந்தத் தொழிற்சாலைகளின் பெரிய வாடிக்கையாளரான பிரித்தானியாவின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்ஸர், 2007 இல் தன் சுற்றாடல் திட்டத்தை அறிவித்து, விநியோகிக்கும் நிறுவனங்களையும் மாறச் சொன்னது. வாங்குபவர் கேட்டார், விற்பவர் மாறினார். அதில் உண்மையான புத்தாக்கமும் நடந்தது. காற்றோட்டம், இயற்கை ஒளி, மழைநீர்ச் சேமிப்பு என்று செலவைக் குறைக்கும் வழிகளை நம் நாட்டுப் பொறியியலாளர்களே உருவாக்கினார்கள்.

சுன்னாகத்தில் வாங்கியவர் கேட்கவில்லை. சீதுவையில் வாங்கியவர் கேட்டார். கம்பனியின் மனப்பாங்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து யார் எவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது.

திறந்த கதவே மூடிய கதை

இரண்டாம் வகை உறவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

2022 மார்ச்சில் இந்தியாவின் அதானி குழுமத்தோடு இலங்கை அரசு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டது. போட்டி விலைமனு எதுவும் கோரப்படவில்லை. 2022 ஜூன் 9 ஆம் திகதி மின்சாரச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் 120 இற்கு 36 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மின் உற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு கட்டாயம் என்ற நிபந்தனையை அது தளர்த்தியது. மறுநாள் கோப் குழுவின் முன் சாட்சியமளித்த மின்சார சபையின் அப்போதைய தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, இந்தத் திட்டத்தை அதானி குழுமத்துக்கு வழங்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதனை முற்றாக மறுத்தார். பெர்டினாண்டோ தன் கூற்றைத் திரும்பப் பெற்றார். சில நாட்களில் பதவியிலிருந்தும் விலகினார்.

2023 பெப்ரவரியில் முதலீட்டுச் சபை 442 மில்லியன் டொலர் முதலீட்டுக்கு அனுமதி அளித்தது. 2024 மே மாதம், ஓர் அலகு மின்சாரத்தை 8.26 அமெரிக்க சதத்துக்கு 20 ஆண்டுகள் வாங்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. திட்டத்தின் மொத்தக் கொள்ளளவு 484 மெகாவொட். அதே ஆண்டில் சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் மறைமாவட்ட ஆயரும் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். மத்திய ஆசியாவிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பறவைகள் வந்திறங்கும் வழியில் மன்னார் இருப்பதும், கொள்வனவு முறையில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பதும் வழக்குகளில் எழுப்பப்பட்ட முக்கிய விடயங்கள்.

ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்யத் தீர்மானித்தது. 6 சதத்துக்குக் குறைவான விலையையே அது எதிர்பார்த்தது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆரம்பப் பணிகளுக்கு ஏறத்தாழ 5 மில்லியன் டொலர் செலவாகிவிட்டதாகவும் கூறியது. உறவு திறந்த கதவு, உறவு மாறியதும் மூடிக்கொண்டது. மூன்று ஆண்டுகள் போயின. ஒரு கோபுரம்கூட எழவில்லை.

அதே 2025 இல், மன்னார் மாவட்டத்தில் 50 மெகாவொட் காற்றாலைக்காகப் போட்டி விலைமனு மூலம் ஹேலிஸ் குழும நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் பெற்றது. விலை அலகுக்கு 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவும் காலமும் நிபந்தனைகளும் ஒன்றல்ல என்பதால் இரண்டு விலைகளையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமல்ல. ஆனாலும் இந்த இடைவெளியை யாரும் காணாததுபோல இருக்க முடியாது. ஒளிவு மறைவில்லாத போட்டி, நட்பு தராத ஒன்றைத் தருகிறது.

போட்டியில் வென்றவரும் போக நேர்ந்தது

நட்பு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இந்த மூன்று தீவுகளுக்கும் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தந்தன. சூரியசக்தியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின் நிலையங்களை அமைக்க, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் விலைமனு கோரப்பட்டது. 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்று தெரிவானது. தன் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் சீன நிறுவனம் வருவதை இந்தியா விரும்பவில்லை. 2021 டிசெம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை இடைநிறுத்துவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அந்த நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரியசக்தி நிலையம் அமைக்கும் வேலையைப் பெற்றுக்கொண்டது. பின்னர் ஏறத்தாழ 11 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தர இந்தியா முன்வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

கடனாக இருந்தது நன்கொடையானது. அது நாட்டுக்கு இலாபம்தான். ஆனால் முதல் தெரிவுக்கும் புதிய ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் போயின. அந்தக் காலம் முழுவதும் தீவுகளில் டீசல்தான் எரிந்தது. டில்லிக்கும் பீஜிங்குக்கும் இடையிலான கணக்கில், இரவில் மின்விசிறி நின்றுபோகும் தீவு வீட்டுக்கு இடமில்லை.

நிலக்கரி போனது, காணி திரும்பியதா?

சம்பூர் இதைவிடக் கசப்பான பாடம். 2006 இல் ஷெல் வீச்சில் ஊரைவிட்டு ஓடிய மக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முகாம்களில் இருந்தார்கள். 2007 இல் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. அதற்குள் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவொட் நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது, சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படாது என்று 2016 செப்டெம்பரில் அரசு மன்றுக்கு அறிவித்தது.

பின்னர் அதே இரு நிறுவனங்களின் கூட்டு, அதே சம்பூரில் சூரியசக்தி நிலையம் அமைக்க முன்வந்தது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் காணொளி வழியாக 120 மெகாவொட் திட்டத்தை ஆரம்பித்துவைத்தார்கள்.

நிறுவனத்தின் மனம் மாறியதா? வழக்கும் எதிர்ப்பும் நிலக்கரிக் கதவை மூடின. உலகச் சந்தையில் சூரியத் தகடுகளின் விலை விழுந்தது. இரண்டும் சேர்ந்து மாற்றத்தை இலாபமாக்கின. இது வெற்றிதான், குறைத்துச் சொல்லத் தேவையில்லை. சம்பூரின் காற்றில் நிலக்கரித் தூசி கலக்கப்போவதில்லை. ஆனால் நிலக்கரிக்காக எடுத்த காணியை மக்களிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்ற கேள்வி, சூரியத் தகட்டின் நிழலுக்குள் போய்விட்டது. எரிபொருள் பசுமையானது. காணியை எடுத்த முறை பழையபடியே இருக்கிறது.

விலை குறைந்தாலும் தீராதது

2025 ஓகஸ்டில் மன்னார் தீவில் புதிய கோபுரங்களுக்கான பாகங்கள் வந்தபோது மக்கள் மறித்தார்கள். இம்முறை அதானி இல்லை. விலையும் குறைவு. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. முன்னைய கோபுரங்களுக்காகப் போட்ட வீதிகள் வெள்ளம் வடியும் வழிகளை அடைத்துவிட்டன, கரையோர மீன்பிடி பாதிக்கப்பட்டது, கனிம மணல் அகழ்வுத் திட்டம் வேறு தலைக்கு மேல் தொங்குகிறது என்றார்கள் மக்கள். ஜனாதிபதி ஒரு மாத இடைநிறுத்தம் அறிவித்தார். பின்னர் வேலையைத் தொடரப் பணிப்புரை வந்தது. செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்தவர்கள் மீது பொலிஸார் பலப்பிரயோகம் செய்தார்கள். 29 ஆம் திகதி மன்னார் கடையடைப்பு செய்தது.

ஆளைப் பார்க்கும் உறவை விதி வழியாக வரும் உறவாக மாற்றுவது அவசியம். ஆனால் அது பாதி வழிதான். அந்த விதிக்குள் அங்கே வாழ்பவருக்கு இடமில்லை என்றால், மலிவான மின்சாரமும் பொலிஸ் காவலோடுதான் வரும்.

வேறு வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோபன்ஹேகன் கரைக்கு அப்பால் கடலில் அமைந்த மிடெல்குருண்டன் காற்றாலைத் தொகுதி 2000 ஆம் ஆண்டில் முடிந்தது. முதலில் 27 கோபுரங்களை மூன்று வரிசைகளில் நிறுத்தத் திட்டமிட்டார்கள். மக்கள் கருத்துக் கேட்ட பிறகு அது 20 ஆகக் குறைந்தது, வரிசை ஒரே வளைவானது. மொத்தக் கொள்ளளவு 40 மெகாவொட். அதில் பாதி நகரத்தின் மின்சார நிறுவனத்துக்கு. மறுபாதி 8,000 இற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கு.

பறவைகளுக்கும் வழி இருக்கிறது. ஸ்பெயினின் தாரிஃபா பகுதியில், ஆபத்தான நேரத்தில் குறித்த காற்றாலையை மட்டும் நிறுத்தும் முறை 2008 முதல் கடைப்பிடிக்கப்பட்டது. பிணந்தின்னிக் கழுகுகளின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் இழப்பு 0.07 சதவீதம் மட்டுமே. பசுமைப் புத்தாக்கம் என்பது இதுவும்தான். கோபுரத்தை இறக்குமதி செய்து நிறுத்துவது திட்டம். அது நிற்கும் இடத்தின் பறவைக்கும் வாய்க்காலுக்கும் வலைக்கும் ஏற்ப அதை இயக்கக் கற்றுக்கொள்வதே புத்தாக்கம்.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த திட்டம் வரும். பூநகரியிலும் மன்னாரிலும் வீசும் காற்றை யாரும் விட்டுவைக்கப் போவதில்லை. அது வரும்போது கேட்பதற்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

விலைமனு கோரப்பட்டதா, எத்தனை நிறுவனங்கள் போட்டியிட்டன? சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தமிழில் கிடைக்கிறதா? அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல தேசிய சுற்றாடல் சட்டம் 30 நாட்கள் தருகிறது. அந்த 30 நாட்கள் கடந்துபோனதே ஊருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. காணி யாருடையது, 2009 இற்கு முன் யாருடையதாக இருந்தது? வெள்ளம் வடியும் வாய்க்கால்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா? வருமானத்தில் ஊருக்கு எழுத்து மூலமான பங்கு உண்டா? அதே நிறுவனம் வேறு இடத்தில் கழிவை என்ன செய்தது?

பதில் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டிய கடமை அரச அதிகாரிக்கு உண்டு. மீனவர் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, தனியொருவரோ கேட்கலாம்.

சுன்னாகத்துக் கிணற்றுக்கு இழப்பீடு கிடைத்ததும், சம்பூரில் நிலக்கரி நின்றதும் எந்த நிறுவனத்தின் நல்ல மனதாலும் அல்ல, எந்த அரசாங்கத்தின் நட்பாலும் அல்ல. யாரோ சிலர் விடாமல் கேட்டார்கள். கம்பனிகளின் மனப்பாங்கை மாற்றும் சக்தி அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.